குழவியர் முதுகந்தண்டும் வினைக்கொள்கையும்

நடுநாட்டுச் சிவத்தலங்களுள் மணிமுத்தாற்றின் கரைக்கண் விளங்குவது திருமுதுகுன்றம். பழமலை எனவும் விருத்தாசலம் எனவும் வழங்கப்பெறும் அத்தலத்தில் அம்மை பெரியநாயகி என்னுந் திருப்பெயரோடு முதியாளாக எழுந்தருளியிருக்கின்றாள். பாலாம்பிகை என்னும் பெயரோடு தனிச் சந்நிதி கொண்டு இளையாளாகவும் அருள்புரிகின்றாள். குருநமசிவாயர் தில்லைக்குச் செல்லும் வழியில் அங்குத் தங்கி அமுது வேண்டிப் பாடியபோது, முதியாளாக வந்த அம்மை அவர் பாடலின்பொருட்டு இளையாளாகிக் காட்சி தந்தாள் என்பது தல வரலாறு. பொருள் ஒன்றேயாயினும் பருவம் வேறாயவிடத்துக் கோலமுஞ் சந்நிதியும் வேறாயின. வழிபாட்டின்கண் காணப்படும் இப்பருவ வேறுபாடு மருத்துவத்தின்கண்ணும் எத்துணை இன்றியமையாதது என்பதும், அதனை அறியாதார் வினை என்னுஞ் சொல்லை எங்ஙனம் பிழைபட வழங்குகின்றனர் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

அவ்வூர்க்குப் பிறிதொரு பெயரும் உண்டு. பீங்கான் நகரம் என நாட்டார் கூறுவர். பொம்மைகளும் சாடிகளும் மின்சாரத்திற்குரிய பீங்கான் பொருள்களும் அங்கே சிறு தொழிற்சாலைகளிற் செய்யப்படுகின்றன. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்னும் வெண்சாந்தினாற் செய்த அச்சினுள் மண்குழம்பை வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்புறத்தே படிந்து உருப்பெறும். அச்சினின்று எடுத்த பச்சை உருவினை ஈரம் போமட்டும் உலர்த்திப் பின்னர்ச் சூளையில் இடுவர். பச்சை உருவிற் பட்ட வடுவை ஈரவிரலாற் றடவி மாற்றலாம். ஆயினும் பிடிக்குமிடம் பிழைப்பின் உருவமே கோணிவிடும். சுட்ட கலத்தை அஞ்சாது எடுக்கலாம். ஆயினும் அதன்கண் விழுந்த விரிசல் தானே கூடாது. பச்சை மண்ணுஞ் சுட்ட மண்ணும் ஒட்டா என்பது பழமொழி. ஆதலின் அத்தொழிலாளர் எதனையுங் கையாளுமுன் அதன் பக்குவத்தையே பார்ப்பர். பக்குவம் என்னுஞ் சொல் சைவ சித்தாந்தத்தினும் தலைமையானது. உயிர்களின் பக்குவம் நோக்கியே இறைவன் அருளை நிகழ்த்துவன் என்பது அதன் துணிபு.

இனி, அத்தகைய தொழிலாளி ஒருவர் வீட்டில் இரண்டாண்டு நிரம்பிய குழவி மொட்டைமாடியினின்று வீழ்ந்ததெனக் கொள்க. அன்றி, இருசக்கர வண்டியில் தாயின் மடிக்கண் இருந்த குழவி சாலையில் வீசியெறியப்பட்டதெனக் கொள்க. கதறிய குழவி சிறிது பொழுதிற் கால்களை அசையாது கிடக்கின்றது. சூழ நின்றாருள் ஒருவர், "இது முற்பிறப்பின் வினை, யார் என்செய்ய வல்லார்?" என்பர். பிறிதொருவர், "பட்டணத்துக்கு எடுத்துச் செல்க, கத்தி வைத்தால் நாளையே நடக்கும்" என்பர். முன்னவர் கூற்றுக் கைவிடுதலையும், பின்னவர் கூற்று ஆராயா விரைவினையும் பயக்கும். இரண்டும் பருவம் அறியாதார் கூற்றென்பது மேல்வருவனவற்றாற் புலப்படும்.

முதுகந்தண்டு என்பது முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதொரு தூண். அதன் உட்புழையில் மூளையினின்று இறங்குந் தண்டுவடம் செல்கின்றது. யோகநூலார் இத்தூணை வீணாதண்டம் என்றும் மேருதண்டம் என்றுங் கூறிச் சுழுமுனை நாடிக்கு இருப்பிடமாகக் கொள்வர். பிறந்த குழவிக்குத் தலையானது உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு. வளர்ந்தார்க்கோ ஏழிலொன்று அல்லது எட்டிலொன்றே. அக்கனத்தைத் தாங்குங் கழுத்துத் தசைகள் குழவிக்கு வலியற்றன. எலும்புகளைப் பிணிக்கும் நார்கள் நெகிழ்வுடையன. முள்ளெலும்புகளிற் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே உள்ளது. அவை தம்முட் பொருந்தும் மூட்டுவாய்கள் ஆழமின்றிக் கிடையாக அமைந்துள்ளன. ஆதலின் தலை முன்னும் பின்னும் வீசப்படுங்கால், வளர்ந்தாரிடத்துக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் மிகுதியும் நேரும் ஊறு, குழவியரிடத்துத் தலையோட்டை அடுத்த முதல் மூன்று எலும்புகளின்கண் மிகுதியும் நேர்கின்றது. ஏறக்குறைய எட்டு வயதளவில் இவ்வேறுபாடு குறையத் தொடங்கும். மூச்சை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புவேர்களினின்று தோன்றுவதாகலின், மேற்கழுத்தில் நேரும் ஊறு மூச்சையே நிறுத்தவுங் கூடும். எனவே குழவி என்பது சிறிய உருவினதாகிய முதியோன் அன்று, அமைப்பினாலேயே வேறு.

இவ்வேறுபாட்டால் வருவதொரு வஞ்சமும் உண்டு. பிறந்த குழவியின் எலும்புத் தூண் இரண்டு அங்குலம்வரை அறாது நீளவல்லது. அதனுள் இருக்குந் தண்டுவடமோ கால் அங்குலம் நீண்ட அளவில் அறுந்துபோம் என்பது 1960-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றன் முடிபு. உறை நீண்டு பழைய நிலைக்கு மீள, உள்ளிருந்த வடம் மட்டும் ஊறுபடும். எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் யாவும் செவ்வனே தோன்றும். குழவியின் கைகால்களோ இயங்கா. இந்நிலைக்கு 1982-இல் பாங், வில்பர்கர் என்னும் மருத்துவர் இருவர் 'ஸ்கைவோரா' என ஒரு பெயர் இட்டனர்; எலும்பிற் பழுது தோன்றாத தண்டுவட ஊறு என்பது அதன் கருத்து. சிலரிடத்து இவ்வூறு உடனே வெளிப்படாது, சில நாழிகை முதல் நான்கு நாள் வரை கழிந்து வெளிப்படுதலும் உண்டு. "படம் எடுத்தாயிற்று, எலும்பு முறியவில்லை" என்று வீடு திரும்பிய பின்னும் குழவியின் கால் துவளுமாயின், கை மரத்ததுபோலத் தோன்றுமாயின், கழுத்தைத் திருப்ப மறுக்குமாயின், மீண்டும் மருத்துவரை நாடுதல் பெற்றோர் கடன். எம்.ஆர்.ஐ. என்னுங் காந்தப் படக்கருவி வந்த பின்னர்த் தண்டுவடத்தின் நிலையையே நேரிற் காணல் கூடுவதாயிற்று.

வீழ்ந்த குழவியைத் தூக்குவதிலும் பருவ அறிவு வேண்டும். பதைப்பினாற் கையைப் பற்றித் தூக்குதலும், தோளிற் சாய்த்துக் குலுக்குதலும் எஞ்சியிருந்த வடத்தையும் அறுத்துவிடக் கூடும். வளர்ந்தாரைக் கிடத்துவதுபோலச் சமமான பலகையிற் கிடத்தினாலும், குழவியின் பெருந்தலை உயர்ந்து நின்று கழுத்தை முன்னே மடக்கிவிடும். இது 1989-இல் எடுத்துக் காட்டப்பட்டது. ஆதலின் தோள் முதல் இடுப்பு வரை மடித்த துணியைப் பரப்பி உடலைச் சிறிது உயர்த்தி, செவித்துளையுந் தோளும் ஒரு கோட்டில் நிற்குமாறு கிடத்தி, தலையின் இருபுறமுந் துணிச்சுருள் வைத்து அசையாது கொண்டுசெல்லல் வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஊர்தியை அழைத்துக் காத்திருத்தல், கிடைத்த வண்டியில் மடித்துக் கிடத்தி விரைதலினும் பெரும்பாலும் நன்று.

சிகிச்சையில் முதலாவது கத்தியன்று, அசையாமையே. சுசுருதர் தமது நூலில், கழுத்து திரும்பியோ உள்ளே அழுந்தியோ போயின், பிடரியையுந் தாடைகளையும் பற்றி மேலே உயர்த்தி, பட்டைகள் வைத்துத் துணியாற் கட்டி, ஏழிரவு மல்லாந்து கிடத்தல் வேண்டும் என்றார். உயர்த்துதல், சேர்த்தல், அசையாது வைத்தல் என்னும் அம்மூன்றும் இற்றைநாள் முறைக்கும் அடிப்படையாகும். இரண்டாங் கழுத்தெலும்பின் மேல்நோக்கிய முனை, ஏறக்குறைய ஆறு வயதுவரை குருத்தெலும்பினாலேயே தன் அடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இளங்குழவியரிடத்து அவ்விணைப்பே பெயர்வது மிகுதி. அதனை நிலைக்குக் கொணர்ந்து, தலையைச் சூழ்ந்ததொரு வளையத்தாலும் மார்பைச் சூழ்ந்ததொரு கவசத்தாலும் ஏறக்குறைய மூன்று திங்கள் அசையாது நிறுத்தின், பெரும்பாலுங் கத்தியின்றியே கூடிவிடும். 'ஹாலோ' எனப்படும் அவ்வளையத்தை வளர்ந்தார் தலையிற் பொருத்த நான்கு திருகூசிகள் போதும். குழவியின் தலையோடு மெல்லிதாகலின் எட்டு முதல் பன்னிரண்டு ஊசிகளை, ஒவ்வொன்றனையும் மிக மெல்லென இறுக்கிப் பாரத்தைப் பகிர்ந்து வைப்பர். மிகச் சிறியார்க்குத் தலையும் மார்புஞ் சேர்த்து வார்க்கும் பிளாஸ்டர்க் கவசமும் உண்டு. முதுகுன்றத்துப் பொம்மைக்கு அச்சாகும் அவ்வெண்சாந்தே, 1852-இல் ஆலந்து நாட்டுப் படைமருத்துவர் மத்தைசன் என்பார் கட்டுத்துணியோடு சேர்த்து வழங்கிய நாள்முதல், முறிந்த எலும்புக்குங் காப்பாயிற்று.

அங்ஙனமாயின் அறுவை எப்போது வேண்டும் எனின், கூறுதும். தலையோடு கழுத்தினின்று பெயர்ந்து பிணிப்பு நார்கள் அறுந்தவழி அவை தாமே கூடா. ஆண்டு அறுவை வேண்டும். பெயர்ந்த எலும்பு புறத்தே செய்யும் முயற்சியால் நிலைக்கு வாராதவழியும், எலும்போ குருதிக்கட்டியோ தண்டுவடத்தை நெருக்க அதனால் இயக்கம் மேன்மேலுங் குறையும்வழியும், மார்பு இடுப்புப் பகுதிகளில் தூண் முற்றும் பெயர்ந்து நிலையாதவழியும் அஃது வேண்டும். அவ்விடங்களிற் காலந்தாழ்த்தல் கேடு. நெருக்கத்தை நீக்கி, எலும்பை நேர்நிறுத்தி, கம்பியோ திருகோ கொண்டு பிணித்து, குழவியின் விலாவெலும்பினின்றோ இடுப்பெலும்பினின்றோ எடுத்த சிறு துண்டுகளை இடையிட்டு இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக்குவர்.

அவ்வறுவையின்கண்ணும் பருவமே அளவுகோல். பத்துக் கிலோ நிறையுள்ள குழவியின் உடலில் உள்ள குருதி ஏறக்குறைய 800 மில்லிலிட்டரே. வளர்ந்தார்க்குப் பொருட்படுத்தத் தகாத இழப்பு அதற்கு உயிர்க்கேடாம். உடற்சூடும் விரைவிற் குறையும். திருகு செல்லவேண்டிய எலும்புத் தண்டோ மிகச் சிறிது. அதன்கண் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு இன்னும் மூடாது நிற்கும். இவை யாவற்றினும் பெரிதாவது யாதெனின், ஒன்றாக்கிய முள்ளெலும்புகள் பின்னர் வளரா என்பதே. பல எலும்புகளைப் பிணித்துவிடின் குழவி வளரும்போது அவ்விடம் வளராது நிற்கும். பின்புறம் மட்டும் பிணித்தவழி முன்புறம் வளர்ந்து தூணை முறுக்கிவிடுதலும் உண்டு. ஆதலின் தேர்ந்தோர் வேண்டுமளவு மட்டுமே, இயன்றவளவு குறைந்த எலும்புகளையே பிணிப்பர். கோவை கங்கா மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் எஸ். இராஜசேகரன் அவர்கள், முதுகெலும்புக் காசநோயுற்ற சிறுவரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து நோக்கி 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நோய் ஆறிய பின்னும் வளரும் முதுகின் கூனல் சிலரிடத்து மிகுதலும் சிலரிடத்துத் தானே குறைதலும் உண்டென்று காட்டிற்று. ஊறு வேறாயினும் பாடம் ஒன்றே: குழவியின் முதுகை ஒருநாட் சிகிச்சையோடு விட்டுவிடலாகாது; வளர்ச்சி முற்றுங்காறும் நோக்கல் வேண்டும்.

ஒன்றனை ஒளியாது கூறல் வேண்டும். முற்றும் அறுந்த தண்டுவடத்தைக் கூட்டவல்ல கத்தி இன்றுகாறும் இல்லை. அறுவை செய்வது எஞ்சியதனைக் காத்தலும் தூணை நிறுத்தலுமே. வடம் முழுதும் கெடாதவழிக் குழவியர் இயக்கம் மீளப்பெறுதல் உண்டு. அவ்வெஞ்சிய இழைகளைக் காத்தற்கே இத்துணை முயற்சியும்.

கழுத்துப் பெயர்ந்து கைகால் செயலற்றாரைக் குறித்து, எகிப்து தேயத்துத் தொன்மையான மருத்துவ ஏடொன்று இது சிகிச்சை செய்யத்தகாத நோய் என்று கூறி அமைந்தது. நெடுங்காலம் உலகம் அவ்வாறே கருதியிருந்தது. 1944-இல் இங்கிலாந்து தேயத்து ஸ்டோக் மாண்டவில்லில் குட்மன் என்னும் மருத்துவர், புண் வாராது புரட்டிக் கிடத்தலும் சிறுநீர்ப் பையைப் பேணுதலுமாகிய பணிகளால் அத்தகையாரும் நெடுநாள் வாழலாமென்று காட்டத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் 1954-இல் வண்டி விபத்தில் முதுகந்தண்டு ஊறுபட்டுக் கால்கள் இயங்கப்பெறாராயினர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தை அயல்நாடு சென்று பயின்று மீண்டு, 1966-இல் வேலூரில் அதற்கெனத் தனிநிலையம் அமையக் காரணமாயினார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1975-இற் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். தம்மைப் பேணிய மருத்துவர் அமர்ஜித் சிங் சஹல் என்பாரின் பெயரையே சங்கத்திற்கு இட்டார். உடல் ஊனமுற்ற குழவியர் பலர் அச்சங்கத்தாற் பயன் பெறுகின்றனர். சமயமும் ஊரும் வேறாயினும் இவ்விருவர் வரலாறும் ஓருண்மையை நாட்டுகின்றன: கால் இயங்காமை வாழ்வு இயங்காமை அன்று.

இனி வினை என்பாரை நோக்குவாம். வினைக்கொள்கையைச் சைவர் மறுப்பதிலர். பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது உண்மை. ஆயினும் அதன் அளவு யாது என்பதனைச் சூழ நிற்பார் எவ்வாறு அறிந்தனர்? வீழ்தல் மட்டுமோ, வீழ்ந்து மருத்துவன் கைப்படுதலோ, கைப்பட்டு எழுந்து நடத்தலோ, எது அக்குழவிக்கு வரையறுத்த நுகர்ச்சி என்பதனை ஊட்டும் இறைவனன்றி யாரறிவார்? வீழ்ந்ததனை வினை என்பார், மருத்துவன் வந்ததனை வினையன்று என்றல் என்னை? வினை சடமாகலின் தானே வந்து பற்றாது. முதல்வனே அதனைக் கூட்டுவன். அவன் கூட்டுவதும் மலநீக்கத்தின்பொருட்டே. இறைவன் தரும் துன்பமுங் கருணையே என்று நிறுவப் புகுந்த அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியாரில் மருத்துவனையே உவமை கூறினார். கீறியறுத்துத் தீர்க்கப்படும் நோயும் உண்டு. இன்சுவைப் பொருள் தந்து தீர்க்கப்படும் நோயும் உண்டு. இரண்டும் அன்பின் செயலே என்பது அவர் கருத்து. அறுவை மருத்துவன் செயலை அருட்செயலுக்கு உவமையாக்கிய நெறியினர், அச்செயலை வினையின் பெயராற் றடுத்தல் யாங்ஙனம் பொருந்தும்?

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது உடனிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. வந்தது வினைப்பயன், நுகர்க என்று அவர் வாளா இருந்தாரிலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி நோய் தீர்த்தார். வினை உண்டென்று ஒப்பியும், அதனின்று உய்யும் வழி நாடாமை நமக்கே குறையாம் என்பது அப்பதிகத்தாற் பெறப்படுவது. திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லி மழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்வற்றுக் கிடந்தாள். தந்தை அவளைத் திருக்கோயிலிற் கொணர்ந்து கிடத்தினான். பிள்ளையார் அவள் வினையை ஆராய்ந்தாரிலர், இரங்கினார், பாடினார், அவள் எழுந்தாள். அவை திருப்பதிகத்தாலாயின, கத்தியாலாயின அல்லவே எனின், ஆம், கருவி வேறு. ஆயினும் இரக்கம் ஒன்றே. தநு கரணம் புவனம் போகம் நான்கும் அவன் தந்தனவாயின், மருத்துவன் கையும் அறிவும் அவன் தந்த கரணங்களேயாம்.

மேலும், பிறர் துன்பங் கண்டும் உதவாது நிற்பார்க்கு அந்நிலையே புதிய ஆகாமியமாம் என்பதனையும் மறத்தலாகாது. குழவியின் பழவினையைப் பேசுவார் தம் புதுவினையை ஈட்டுகின்றனர். அழுகின்ற தாயிடம் "உன் பிள்ளையின் வினை" என்றல் சாத்திரம் அன்று, வன்சொல்லே. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாவது. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமைக்குத் துணையாவதன்று.

அறுவை செய்தும் கால் இயங்காத குழவிக்கு வந்த பயன் என்னை எனின், அதற்கும் விடை உண்டு. திருவள்ளுவனார் மருத்துவத்தை நோயுற்றான், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவான் என நாற்கூறாக்கினார். முதுகு ஊறுபட்ட குழவியின் வாழ்வு பெரும்பாலும் அந்நான்காவதன் கையில் உள்ளது. புண் வாராது பக்கம் மாற்றிக் கிடத்தல், 1972 முதல் பரவிய முறைப்படி குறித்த நேரங்களிற் சிறுகுழாயாற் சிறுநீரை வெளியேற்றிச் சிறுநீரகத்தைக் காத்தல், மடங்கும் மூட்டுகளை நாடோறும் நீட்டுதல், வளருங்கால் பெரும்பாலார்க்கு வரும் முதுகுக் கோணலை உரிய காலத்துக் காணுதல், பள்ளிக்கு அனுப்புதல் ஆகிய இவையெல்லாம் தாயுந் தந்தையுஞ் சுற்றமும் ஆண்டுபல செய்யவேண்டிய தொண்டு. கண்ணிலாத தண்டியடிகள் கயிறு பற்றித் திருக்குளங் கல்லினார். உறுப்பின் குறை அன்பின் குறையாகவில்லை. உடல் உயிர்க்கு அறிவு விளக்கும் விளக்கு. அவ்விளக்கின் ஒருபுறம் மங்கினும் மறுபுறத்து ஒளியைக் காத்தல் நம் கடன்.

ஆதலின் சைவ நன்மக்கள் செயற்பால சில உள. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவரும், படிக்கட்டுக்குக் கதவும் அமைத்தல் வேண்டும். நான்காண்டுக்குட்பட்ட குழவியை இருசக்கர வண்டியில் கொண்டுசெல்வோர் காப்புக் கச்சையுந் தலைக்கவசமும் அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாது செல்லல் வேண்டுமென்று 2022-இல் விதிக்கப்பட்ட அரசாணையைக் கைக்கொள்ளல் வேண்டும். சாலை விபத்துற்றார்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கத் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' என்னுந் திட்டத்தை அறியாதார்க்கு அறிவித்தல் வேண்டும். திருக்கோயில்களிற் கூடும் அடியார் குழாங்கள் இத்தகைய குழவியுடைய இல்லங்களைக் கண்டறிந்து, வாரம் ஒருநாளேனும் தாய்க்கு ஓய்வளித்து உடனிருப்பின், அது பதிகம் ஓதுதலோடு ஒத்த சிவத்தொண்டேயாம்.

பச்சை உருவினைப் பக்குவமறிந்து தொடும் பீங்கான் தொழிலாளியின் கை, எலும்பின் பருவமறிந்து கத்தி எடுக்கவும் எடாதிருக்கவும் வல்ல மருத்துவன் கை, மடிக்கண் ஏந்திப் பலகாலும் புரட்டிப் பேணுந் தாயின் கை ஆகிய மூன்றும் இளையார்க்கு இளையாளாய் வந்தருளும் முதுகுன்றத்து அம்மையின் திருக்கைகளே என்று கொள்வார்க்கு, வினை என்னுஞ் சொல் கைவிடுதற்குரிய சாக்காகாது, இரக்கத்திற்கே வாயிலாகும்.

திருச்சிற்றம்பலம்.